முயலுக்கு 4.5ஆ, 5.5ஆ? மன்னார்க் காற்றில் ஒரு கணக்கு

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் கடலோரமாக மச்சானுக்கு ஒரு காணி இருக்கிறது. கௌபியும் கச்சானும் போட்டிருக்கிறார். முளைத்து இரண்டு இலை விட்டதும் முயல் வந்து வரிசையாகக் கடித்துவிட்டுப் போகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணினார்கள். முயலை யாரும் எண்ணவில்லை. விவசாயிகளுக்குக் காற்றுத் துவக்கு கொடுப்பது பற்றிய பேச்சு அந்த ஆண்டு எழுந்ததிலிருந்து மச்சான் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "4.5 நல்லதோ, 5.5 நல்லதோ?"

எங்கள் வீட்டில் இருந்த உரிமப்பத்திரத் துவக்கு எண்பதுகளில் ஒப்படைக்கப்பட்டது, திரும்பி வரவில்லை. அதன்பிறகு துவக்குச் சத்தம் என்றால் எங்களுக்கு வேட்டை நினைவுக்கு வருவதில்லை. இருந்தாலும் மச்சானின் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

4.5, 5.5 என்பது சன்னத்தின் விட்டம், மில்லிமீற்றரில். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தை வைத்து எழுதப்பட்டவை. அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய காற்று ரைபிளின் சக்திக்கு உச்சம் சுமார் 16 ஜூல். அதே சக்தியில் அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய 4.5 சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 240 மீற்றர் வேகத்தில் புறப்படும். ஒரு கிராம் எடையுள்ள 5.5 சன்னம் 175 மீற்றர் வேகத்தில்தான் புறப்படும். மெதுவாகப் போவது கூட நேரம் காற்றில் இருக்கும், கூடக் கீழே விழும். 30 மீற்றரில் 4.5 சுமார் 9 சென்ரிமீற்றர் விழுந்திருக்கும், 5.5 சுமார் 16. குறிக்கண்ணாடியை 30 மீற்றருக்குச் சரிசெய்துவிட்டு 45 மீற்றரில் நிற்கும் முயலைச் சுட்டால் 4.5 ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் கீழே படும், 5.5 ஏறக்குறைய 12. முயலின் தலையில் உடனே உயிர்போகும் இடம் மூன்று, நான்கு சென்ரிமீற்றர்தான். தூரத்தை மதிப்பதில் பிழைவிடுகிறவருக்கு 4.5 கொஞ்சம் மன்னிப்புக் கொடுக்கும். பட்ட இடத்தில் 5.5 பெரிய காயம் போடும், அதனால்தான் அதை விரும்புகிறவர்களும் உண்டு. கடைகளில் வரும் மலிவான வில் ரைபிள்கள் பல இந்த 16 ஜூலைக்கூடத் தொடுவதில்லை. அவற்றில் வீழ்ச்சி இன்னும் மோசம்.

இதுவரை புத்தகக் கணக்கு. ஆனால் மச்சானின் காணி மன்னாரில் இருக்கிறது. தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. சோளகம் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் குறுக்கே வீசினால் 30 மீற்றரில் சன்னம் ஏழு சென்ரிமீற்றர் ஒதுங்கும். நான் எதிர்பார்க்காதது இதுதான்: ஒரே சக்தியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் ஒதுங்குகின்றன. பாரம் கூடிய சன்னம் காற்றுக்கு நிற்கும் என்று நம்பியிருந்தேன். அது மெதுவாகப் போவதால் அந்த இலாபம் கரைந்துவிடுகிறது. போன சோளகத்தில் இரவல் ரைபிள் ஒன்றால் மண்மேட்டில் கடதாசி ஒட்டிச் சுட்டுப் பார்த்தோம். மச்சான் நல்ல குறிகாரர். ஐந்து வெடியில் ஒன்றுகூட வட்டத்துக்குள் இல்லை. தலைக்கு வைத்தது காதில் அல்லது தாடையில் பட்டால் முயல் சாகாது. உடைமரப் பற்றைக்குள் ஓடி நாட்கணக்கில் கிடந்து சாகும்.

இங்கிலாந்து முயல் வளையில் கூட்டமாக வாழ்கிற சாதி, மாலையில் வளைவாசலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எங்கள் முயல் வளை தோண்டாது. வெட்டையில் பதுங்கிக் கிடந்து இருட்டியபின் மேயும், சத்தம் கேட்டால் பாயும். அங்கே எழுதியதை அப்படியே இங்கே எடுக்க முடியாது.

தவறிய சன்னம் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். துவக்கை உயர்த்திச் சுட்டால் அது 300 மீற்றர் வரையும் போகலாம். தரை மட்டமான கரையோரத்தில் பின்னால் மண்மேடு இல்லை. கரைவலைக்காரர், ஆடு மேய்க்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தத் தூரத்துக்குள்தான். வங்காலைப் பக்கம் என்றால் பேச்சே இல்லை. 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலமான இடம், அதற்குள் வேட்டை குற்றம். வேறிடத்திலும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டமும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் இருக்கின்றன. வாங்க நினைப்பவர் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பகுதியில் "துவக்கு வைத்திருக்கிறார்" என்ற வாய்ப்பேச்சு என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மச்சானுக்கு என் பதில்: காற்று விழுந்த விடியலில், 25 மீற்றருக்குள், பின்னால் மண்மேடு இருந்தால் 4.5. அப்படி ஒரு விடியல் சோளகக் காலத்தில் வருவது அருமை, பயிர் நிற்பதோ அப்போதுதான். அவர் இப்போது பழைய வலையைக் காணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் புதைக்கவேண்டும், இல்லாவிட்டால் முயல் தலையை விட்டுத் தூக்கிவிடும். கிழக்கு மூலையில் அதைப் புதைக்க மறந்துபோய், போன கிழமை இரண்டு வரிசை கௌபி போய்விட்டது.