தாத்தாவுக்கு ஹெட்போன், வீட்டுக்கு ஸ்பீக்கர்: ஒரே டி.வி.யில் இரண்டும் கேட்க வழி!

"டேய், சத்தத்தை வைடா!" என்பார் காது மந்தமான தாத்தா. "மாமா, காது கிழியுது!" என்பாள் மருமகள். கடைசியில் கோபித்துக்கொண்டு திண்ணைக்குப் போவது தாத்தாதான்!

ஹெட்போன் வாங்கி மாட்டினால்? டி.வி. ஊமையாகிவிடும்! பழைய செட்டுகளில் பின்னைச் செருகியதும் துளைக்குள் இருக்கும் சுவிட்ச் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். இன்றைய டி.வி.க்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

வழி இல்லாமல் இல்லை. சில டி.வி.க்களில் 'சவுண்ட்' மெனுவிலேயே இரண்டையும் சேர்ந்து ஒலிக்கவிடும் வசதி உண்டு. இல்லையென்றால் பின்பக்கம் 'ஆப்டிகல்' துளை இருக்கிறதா பாருங்கள். அதில் வயர்லெஸ் ஹெட்போனின் பெட்டியை மாட்டினால், பல செட்டுகளில் ஸ்பீக்கரும் பேசும். ஹெட்போன் சத்தத்தைத் தாத்தா தனியே கூட்டிக்கொள்ளலாம்.

எல்லா செட்டும் ஒன்றல்ல; காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் உங்கள் டி.வி. மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அப்புறம் தாத்தாவுக்குத் திண்ணையில் என்ன வேலை?