கடைக் கணக்கைக் கிளவுடில் வைக்கலாமா?

"எல்லாரும் கிளவுடுக்கு மாறிட்டாங்க, நீங்க எப்போ சார்?" என்று கேட்டுக்கொண்டு சாஃப்ட்வேர் விற்பவர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்துவிடாதீர்கள்.

மேகக் கணிமை என்பது வாடகைக் கணினிதான். டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமத்தைத் திறக்கிறீர்கள் அல்லவா? அது எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் சர்வரிலிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. அதுபோல ஒரு சர்வரில் உங்கள் பில், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் வைத்து, பயன்படுத்தும் அளவுக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

வேலை ஏறி இறங்கும் இடத்தில் வாடகை லாபம். பிளஸ் 2 தேர்வு முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையதளத்தைத் திறக்கிறார்கள். அந்த ஒரு காலைக்காகப் பெரிய சர்வர் வாங்கி, மற்ற நாட்களில் சும்மா வைத்திருப்பது வீண். தீபாவளிக்கு முன் ஆன்லைன் ஆர்டர் குவியும் இனிப்புக் கடைக்கும் இதே நிலைதான். ஆண்டு முழுக்க ஒரே அளவு வேலை என்றால் கணக்கு மாறும். பேஸ்கேம்ப் செயலியை நடத்தும் அமெரிக்க நிறுவனமான 37சிக்னல்ஸ், வாடகை கட்டுப்படியாகவில்லை என்று 2022-ல் கிளவுடை விட்டு வெளியேற முடிவெடுத்து, சொந்த சர்வர்கள் வாங்கியது. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் அப்படி யார் இருக்கிறார்கள்?

சின்னக் கடைக்குக் கேள்வியே வேறு. நாளைக் காலையில் கடைக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால் கம்ப்யூட்டர் மட்டுமல்ல, அதே மேஜை டிராயரில் கிடக்கும் பேக்கப் பென்டிரைவும் சேர்ந்தே போகும். யார் எவ்வளவு பாக்கி தரணும் என்பதும் அதோடு போச்சு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், எலக்ட்ரானிக் கணக்கின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்ற வேண்டுமா? இரண்டு கிளை, ஒரு குடோன், வெளியூரில் ஆடிட்டர், இவர்கள் எல்லாரும் ஒரே ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும் என்றால் ஏற்றிவிடலாம். ஒரே கடை, நெட் அடிக்கடி போகும் ஊர் என்றால் வேண்டாம். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது பில் போட முடியாமல் தவிப்பீர்கள். பில்லிங் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், இரவில் பேக்கப் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். பெரும்பாலான கடைகளுக்கு இதுவே போதும்.

இங்கே பலரும் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி: இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே வைரஸ் பூட்டினால் பூட்டிய ஃபைலே அங்கும் போய் உட்காரும். பழைய தேதிப் பிரதிகளும் தனியாகச் சேமிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை, போன மாத பில் ஒன்றைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பியின் மெயில் ஐடியில் தொடங்கி, ஓ.டி.பி.யும் அவர் போனுக்கே போனால், அவர் வேலையை விட்ட நாளில் சாவி அவரிடம் இருக்கும். உரிமையாளரின் மெயில், உரிமையாளரின் நம்பர், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இதில் சமரசம் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: "நாளைக்கு நான் விலகினா, என் டேட்டாவை எக்செல்லில் எடுத்துத் தருவீங்களா? அதுக்குத் தனியா காசு உண்டா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.