சக்கையிலும் காசு இருக்கு!



ஒயின் என்றதும் முகம் சுளிக்காதீங்க! நாம் பேசப் போவது மதுவைப் பற்றி இல்லை. திராட்சையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைப் பற்றி.

100 கிலோ திராட்சையில் ஏறத்தாழ 20 கிலோ சக்கை மிஞ்சும். தோல், விதை, காம்பு எல்லாம் அதில் கிடக்கும். அறுவடை மாதங்களில் மலைபோல் குவியும். அப்படியே கொட்டினால் புளித்து நாறும். வடியும் தண்ணீர் மண்ணையும் ஓடையையும் கெடுக்கும்.

இத்தாலியில் ஃபயென்சா என்ற ஊரில் 1966-ல் தொடங்கிய 'கவிரோ' என்ற கூட்டுறவு அமைப்பு இதையே தொழிலாக்கியிருக்கிறது. நம்ம கூட்டமைப்பு மாதிரிதான் அதுவும். திராட்சை விவசாயிகளின் பல சங்கங்கள் சேர்ந்து அமைத்தது.

இப்படிப்பட்ட ஆலைகளில் சக்கையிலிருந்து என்னென்ன எடுக்கிறார்கள்?

* நீராவி செலுத்தி எரிசாராயம் பிரிக்கிறார்கள்.
* சக்கையிலும் ஒயின் வண்டலிலும் இருந்து டார்டாரிக் அமிலம் எடுக்கிறார்கள். நம்ம புளியில் இருக்கும் அதே புளிப்புதான்! கேக் மாவு, மருந்து, ஜிப்சம் பூச்சு வேலை எல்லாவற்றுக்கும் இது தேவை.
* விதையைச் சலித்து, உலர்த்தி, எண்ணெய் எடுக்கிறார்கள்.
* கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு, சாண எரிவாயு போலவே வாயு தயாரிக்கிறார்கள்.
* கடைசியில் மிஞ்சும் உலர்ந்த தோலைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மட்கவைத்தால் தோட்டத்துக்கு உரம்.

இதில் வரிசைதான் முக்கியம். விலை அதிகமுள்ளதை முதலில் எடுக்கணும். எரிப்பது கடைசி வேலை. முதலிலேயே அடுப்பில் போட்டால் எண்ணெயும் புளிப்பும் சாம்பலாகிவிடும்.

இன்னொன்று, இது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. ஒரு சின்ன ஆலையின் சக்கைக்காக யார் கொதிகலன் வாங்குவார்? பல பேருடைய சக்கை ஓரிடத்தில் சேர்ந்தால்தான் இயந்திரத்துக்கு வேலை இருக்கும். ஆனால் ஈரச் சக்கை கனமானது. தூரம் கூடினால் வண்டிக் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். ஆகவே ஆலை பக்கத்தில் இருக்கணும்.

திராட்சை நம்ம ஊரில் விளையாமல் இருக்கலாம். ஆனால் தேங்காய் மட்டை, கடலைத் தோல், பழக்கழிவு என்று ஏதாவது ஒன்று குப்பைக்குப் போகாத ஊர் உண்டா?

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்க: நம்ம ஊரில் மிஞ்சுவது என்ன? எந்த மாதத்தில், எத்தனை மூட்டை? பக்கத்துக் குழுக்களிடமும் அதே சரக்கு இருக்கிறதா?

கணக்கு தெரிந்தால்தான் கடன் கேட்கலாம். சேர்ந்து யோசிப்போம்!