மூலநிரல் பெயர்ப்பு

ஒரு நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட நிரலை, அதன் செயற்பாடு மாறாமல் வேறொரு நிரலாக்க மொழிக்கு மாற்றுதல் மூலநிரல் பெயர்ப்பு எனப்படும். கம்பைலர் எனப்படும் தொகுப்பியும் நிரலை மாற்றும் கருவியே. ஆனால் தொகுப்பி பொதுவாகக் கணினிக்குரிய பொறிமொழியை உருவாக்குகின்றது. பெயர்ப்பி தருவது மற்றொரு மூலநிரல். பெயர்ப்பைக் கருவி கொண்டும் செய்யலாம், கையாலும் எழுதலாம்.

வரலாறு

இன்டெல் நிறுவனத்தின் 8080 செயலிக்கு எழுதப்பட்ட அசெம்பிளி நிரல்களை 8086 செயலிக்கு மாற்றுவதற்காக, 1981 இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் எக்ஸ்எல்டி86 என்னும் கருவியை வெளியிட்டது. பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிய சீஃபிரன்ட், சி++ நிரலைச் சி நிரலாக மாற்றிச் சி தொகுப்பியிடம் ஒப்படைத்தது. 2012 இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் மொழியின் நிரல்களும் யாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டே இயங்குகின்றன.

ஒரே குறி, வேறு பொருள்

இலக்கண வேறுபாடுகளைக் கையாளுதல் எளிது. தொகுப்பியே அவற்றைச் சுட்டிக்காட்டிவிடும். இரு மொழிகளிலும் ஒன்றுபோல் தோன்றி வேறுவேறாக இயங்குபவையே இடர் தருவன. எடுத்துக்காட்டாக, வகுத்தலின் மீதியைத் தரும் % குறி சி, பைத்தான் இரண்டிலும் உண்டு. ஞாயிறு 0, திங்கள் 1 என்று கிழமைகளுக்கு எண் இடுவோம். திங்களுக்கு மூன்று நாள் முந்திய கிழமையை அறிய (1 - 3) % 7 என்று எழுதினால், பைத்தான் 5 என்னும் விடையைத் தரும். அது வெள்ளி, சரியான விடை. அதே கோவைக்குச் சி மொழி தரும் விடை -2. அப்படியொரு கிழமை இல்லை. அவ்வெண்ணைக் கொண்டு கிழமைப்பெயர் அணியை அணுகினால், அணிக்கு வெளியேயுள்ள நினைவகம் வாசிக்கப்படும். சி மொழியில் மீதியுடன் 7 ஐக் கூட்டி மீண்டும் மீதி காண வேண்டும்.

ஃபோர்ட்ரானில் அணியின் முதல் உறுப்பின் எண் வழக்கமாக 1, சி மொழியில் 0. அன்றியும், ஃபோர்ட்ரான் அணிகளை நிரல் நிரலாகவும், சி வரிசை வரிசையாகவும் நினைவகத்தில் வைக்கின்றன.

பைத்தான் 2 இலிருந்து 3 இற்கு

ஒரே மொழியின் இரு பதிப்புகளுக்கு இடையிலும் இச்சிக்கல் எழுவதுண்டு. 2008 திசம்பரில் வெளியான பைத்தான் 3.0, பழைய பதிப்புடன் ஒத்தியங்கவில்லை. மாற்றத்திற்கு உதவ 2டூ3 என்னும் கருவி வழங்கப்பட்டது. print கூற்று போன்றவற்றை அது தானே திருத்தியது. ஆனால் வகுத்தல் குறியைத் தொடவில்லை. பைத்தான் 2 இல் 7/2 இன் விடை 3. பைத்தான் 3 இல் 3.5. ஒரு மாறி முழுவெண்ணா பின்னமா என்பதை நிரலின் எழுத்தைப் பார்த்து மட்டும் கருவி அறிய இயலாது. 3.5 ஐ அணியின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால் நிரல் பிழைச்செய்தியுடன் நின்றுவிடும், அது நல்லூழ். கணக்கொன்றில் சேர்ந்துவிட்டாலோ, நிரல் தவறான தொகையுடன் அமைதியாகத் தொடரும். முழுவெண் வகுத்தல் வேண்டிய இடங்களில், மாற்றத்திற்கு முன்பே // குறியை இடுவதே உரிய வழி. 2001 இல் வெளியான பைத்தான் 2.2 முதலே இக்குறி உள்ளது. பைத்தான் 2 இற்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிந்தது. 2024 இல் வெளியான 3.13 பதிப்பில் 2டூ3 நீக்கப்பட்டது.

சரிபார்த்தல்

பழைய நிரலுக்குப் பல உள்ளீடுகளைக் கொடுத்து வெளியீடுகளைச் சேமித்து, புதிய நிரலின் வெளியீடுகளுடன் ஒப்பிடுவது வழக்கம். சுழியம், எதிர்ம எண்கள், மிகப்பெரிய எண்கள் ஆகியன உள்ளீடுகளில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அண்மைக்காலத்தில் செயற்கை அறிவு மொழிமாதிரிகளும் பெயர்ப்புக்குப் பயன்படுகின்றன. அவை வாசிக்க எளிதான நிரலைத் தந்தாலும் இவ்வொப்பீடு தவிர்க்க முடியாதது. பழைய நிரலில் வழு காணப்பட்டால் அதையும் அவ்வாறே பெயர்த்துவிட்டுப் பின்னர் தனியாகத் திருத்துவது நன்று. இரண்டையும் ஒருங்கே செய்தால், வெளியீடு மாறுபடும்போது காரணம் பெயர்ப்பா திருத்தமா என்று பிரித்தறிய முடியாது.