மேட்லேருந்து மேஜைக்கு!

ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி காலேஜுக்கு ஓடுறவரா நீங்க? பக்கத்துல இருக்குற உறையூருக்கு ஒரு குஸ்தி சரித்திரம் இருக்கு, தெரியுமா?

உறையூர் தித்தனோட மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை மடக்கினதை சாத்தந்தையார் புறநானூறுல பாடியிருக்கார். ஒரு முழங்கால் எதிராளி நெஞ்சுல. இன்னொரு கால் அவனைத் திமிற விடாம தடுக்குது. லைவ் கமென்ட்ரி மாதிரி இருக்கும்!

சரி, இது எந்த ஸ்டைல்?

கிரேக்க-ரோமன்: இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. காலால மடக்கவும் கூடாது.

ஃப்ரீஸ்டைல்: காலைப் பிடிக்கலாம், காலாலயும் மடக்கலாம். ஒலிம்பிக்ல பெண்கள் 2004-லேருந்து மோதுறது இதுல மட்டும்தான்.

மண் குஸ்தி: பதப்படுத்தின மண்ணுல மோதணும். எதிராளியோட ரெண்டு தோளும் தரையில பட்டா ஆட்டம் க்ளோஸ்.

ஆக, நம்ம கிள்ளி கிரேக்க-ரோமன்ல இறங்கியிருந்தா ரெஃப்ரீ விசில்தான்!

இப்ப ஒரு குட்டி க்விஸ். 1986 சியோல் ஆசியப் போட்டியில இந்தியாவுக்கு மொத்தம் 5 தங்கம். ரிலேயையும் சேர்த்து நாலுல பி.டி. உஷா இருந்தாங்க. அஞ்சாவது யாரோடது? ஃப்ரீஸ்டைல் வீரர் கர்த்தார் சிங்! 1978 பாங்காக்லயும் தங்கம் அடிச்சவர். பஞ்சாப் போலீஸ் அதிகாரியா இருந்தவர், பின்னாடி அந்த மாநில விளையாட்டுத் துறை இயக்குநர், மல்யுத்த சம்மேளனப் பொதுச் செயலாளர்னு நிர்வாகத்துக்கும் வந்தார். உஷாவும் 2022-ல இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானாங்க.

எல்லாருக்கும் இது நடக்குமா? 2023 டிசம்பர் 21-ல மல்யுத்த சம்மேளனத் தலைவர் தேர்தல். 2010 காமன்வெல்த் தங்க மங்கை அனிதா ஷியோரன் நின்னாங்க. ஓட்டுப் போட்டது வீரர்கள் இல்ல, மாநிலச் சங்கப் பிரதிநிதிகள். ரிசல்ட்? 40-7. ஜெயிச்சவர், வீராங்கனைகள் பாலியல் புகார் சொன்ன முன்னாள் தலைவருக்கு நெருக்கமானவர். அன்னிக்கே ரியோ ஒலிம்பிக் வெண்கல வீராங்கனை சாக்‌ஷி மாலிக், தன் ஷூவைக் கழற்றி மேஜை மேல வெச்சுட்டு ஓய்வை அறிவிச்சாங்க.

2025-ல வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனச் செயற்குழுவுல குறைஞ்சது ரெண்டு சாதனை வீரர்களும் நாலு பெண்களும் இருக்கணும்னு சொல்லுது. நல்ல ஆரம்பம்தான். ஆனா 15 பேர் வரைக்கும் உட்காரலாம்ங்கிற குழுவுல ரெண்டு குரல் எடுபடுமா?

அது டெல்லி விவகாரம்னு விட்டுடாதீங்க பாஸ். உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிட்டியில, கிரவுண்டுல வேர்வை சிந்துற ஒருத்தராவது இருக்காரா? இல்லேன்னா, அடுத்த மீட்டிங்ல முதல் கை உங்களோடதா இருக்கட்டும்!