லாக்டவுனில் கடையை மூடினால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா? புதுச்சேரி கஃபேக்காரர்கள் படிக்க வேண்டிய அந்த ஒரு வரி!

2020 மார்ச் 25, நாடு முழுக்க லாக்டவுன். ஒயிட் டவுன் கஃபேக்கள், மிஷன் வீதி துணிக்கடைகள், கடற்கரைச் சாலையை நம்பியிருந்த சின்ன லாட்ஜுகள் எல்லாமே ஷட்டரை இறக்கின. உணவகங்களில் மறுபடி உட்கார்ந்து சாப்பிட மத்திய அரசு அனுமதித்தது ஜூன் 8 முதல்தான். கிட்டத்தட்ட இரண்டரை மாதம். கல்லாவில் பணம் இல்லை. ஆனால் வாடகை, சம்பளம், லோன் வட்டி எதுவும் லீவு எடுக்கவில்லை.

"கடைக்குத்தான் இன்ஷூரன்ஸ் கட்டுறோமே, அதுல க்ளெய்ம் பண்ண முடியாதா?" என்ற கேள்வி அப்போது நிறைய பேருக்கு வந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்த பதில், முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தீ பிடித்தால் சரி, நோய் வந்தால்?

சாதாரண ஃபயர் பாலிசி கட்டடம், மெஷின், சரக்கு போன்ற பொருட்களுக்கான இழப்பீட்டை மட்டும்தான் தரும். கடை மூடியிருக்கும் காலத்தில் போகும் வருமானத்துக்குத் தனி பாலிசி வேண்டும். அதன் பெயர் 'ஃபயர் லாஸ் ஆஃப் பிராஃபிட்'.

கணக்கு எப்படிப் போடுவார்கள்? உதாரணத்துக்கு, மாதம் 5 லட்சம் ரூபாய் விற்கும் ஒரு கஃபே என்று வைத்துக்கொள்வோம். நிகர லாபமும் வாடகை, சம்பளம் மாதிரியான நிலையான செலவுகளும் சேர்ந்தது விற்பனையில் 50 சதவீதம். இரண்டரை மாதம் மூடினால் விற்பனை இழப்பு 12.5 லட்சம், அதில் பாதி, 6.25 லட்சம் ரூபாய் இழப்பீடு. கடை மூடியதால் மிச்சமான செலவு ஏதாவது இருந்தால் அதைக் கழித்துவிடுவார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாலிசியில் ஒரு வரி இருக்கும்: காப்பீடு செய்த சொத்துக்குப் பொருள் சேதம் ஏற்பட்டு, அதனால் தொழில் தடைபட்டிருக்க வேண்டும். தீயில் கிச்சன் எரிந்தால் சரி. புயலில் கூரை போனால், பாலிசியில் புயல் இருக்கும்பட்சத்தில் அதுவும் சரி. வைரஸ் சுவரை இடிக்காது, அரசு உத்தரவு ஃபிரிட்ஜை உடைக்காது. சிம்பிளா சொன்னா, கடை முழுசா இருந்ததுதான் க்ளெய்முக்குப் பிரச்சினை!

பாரிஸிலும் லண்டனிலும் என்ன ஆச்சு?

பிரான்ஸில் கதை வேறு. அங்கே சில உணவக பாலிசிகளில் 'நிர்வாக உத்தரவால் மூடல்' என்று தனிப் பிரிவே இருந்தது. அதை வைத்து ஸ்டெஃபான் மானிகோல்ட் என்ற பாரிஸ் உணவக உரிமையாளர் ஆக்ஸா நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 2020 மே மாதம் பாரிஸ் வணிக நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2021 ஜூனில், 15,000 உணவகங்களுக்கு அதிகபட்சம் 30 கோடி யூரோ வரை தரத் தயார் என்று ஆக்ஸா அறிவித்தது.

ஆனால் ஆக்ஸாவின் பல பாலிசிகளில் ஒரு விலக்கும் இருந்தது. அதே காரணத்துக்காக அதே மாவட்டத்தில் இன்னொரு கடையும் மூடப்பட்டால் பணம் கிடையாது. தொற்றுநோய்க்காக ஒரே ஒரு கடையை மட்டும் மூடுவார்களா என்ன! இருந்தும், அந்த விலக்கு செல்லும் என்று பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் நிதி ஒழுங்குமுறை ஆணையமே பாலிசிதாரர்களுக்காக வழக்கை நடத்தியது. கடையிலிருந்து 25 மைலுக்குள் அறிவிக்கப்பட்ட நோய் வந்தால் இழப்பீடு என்று சில பாலிசிகள் சொல்லியிருந்தன. இதை நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்க: புதுச்சேரியை மையமாக வைத்து 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் கடலூர், திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். "நாடு முழுக்க இருந்த நோயால்தானே லாக்டவுன், உங்கள் வட்டத்துக்குள் வந்த சில கேஸ்களாலா?" என்று நிறுவனங்கள் வாதிட்டன. 2021 ஜனவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியும் அந்த முடிவுக்குச் சமமான காரணம்தான் என்றது.

ஒரு சுவாரஸ்யம். கத்ரீனா புயலில் சிக்கிய நியூ ஆர்லியன்ஸ் ஹோட்டல் வழக்கில் 2010-ல் வந்த பழைய தீர்ப்பு ஒன்று நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது. அதுவும் தவறு என்று இந்தத் தீர்ப்பு சொன்னது. எழுதிய இரு நீதிபதிகளில் ஒருவர் அந்தப் பழைய தீர்ப்பைத் தந்தவர், இன்னொருவர் அதற்கு முந்தைய நடுவர் குழுவில் இருந்தவர்.

அப்போ நமக்கு?

இங்கே கிடைத்தது கடன்தான். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. மத்திய அரசு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. இரண்டும் மூச்சு விட உதவின. ஆனால் இழந்த வருமானத்துக்கு இன்னொரு கடன் ஈடாகாது. பெருந்தொற்று இழப்புக்கென்று ஒரு பொது நிதித் தொகுப்பை ஆராய, காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-ல் ஒரு பணிக்குழு அமைத்தது. அப்படியொரு தொகுப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

அதனால் அடுத்த ரெனியூவலில் ஏஜென்டிடம் கேளுங்க. பொருள் சேதம் இல்லாமலே பணம் தரும் பிரிவு ஏதாவது இருக்கிறதா? பெரிய ஹோட்டல்களின் பாலிசிகளில் தொற்றுநோய்க்கு ஆட்-ஆன் சில நேரம் இருக்கும். இருந்தால், நோய் கடைக்குள்ளேயே வந்திருக்க வேண்டுமா, சுற்றுவட்டாரம் போதுமா என்று பாருங்க. கொரோனாவுக்குப் பிறகு பல பாலிசிகளில் 'தொற்றுநோய் விலக்கு' என்று நேரடியாகவே சேர்த்துவிட்டார்கள், அதையும் தேடுங்க. பதிலை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் வாங்காதீங்க, ஈமெயிலில் வாங்குங்க.

க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் தரலாம். தனிநபர் உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் இதில் வரும். பெரிய கம்பெனி வராது. புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். அதே யூனியன் பிரதேசம்தான் என்றாலும் மாஹேக்காரர்கள் கொச்சிக்கும், ஏனாம்காரர்கள் ஹைதராபாத்துக்கும் எழுத வேண்டும். நிறுவனம் இறுதியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடம்தான் டைம்.