சாப்பாடு சரியில்லை... நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் ஏன் வாய் திறப்பதில்லை?

புக்கிட் மேராவில் ஓர் உணவகம். நண்பர்கள் ஐவருடன் போயிருக்கிறீர்கள். 40 நிமிடம் காத்திருந்த பிறகு உணவு வருகிறது. அதுவும் ஆறிப்போய்.

"பரவாயில்ல, விடு" என்கிறார் ஒருவர். எல்லாரும் சாப்பிடத் தொடங்குகிறார்கள். நீங்களும்தான்.

தனியாகப் போயிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பீர்கள். இப்போது ஏன் தயக்கம்?

வேறு யாராவது கேட்பார்கள்...

1968இல் உளவியலாளர்கள் லட்டானே, டார்லி இருவரும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். அறைக்குள் புகை வந்தால் மக்கள் என்ன செய்கிறார்கள்?

தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். மூவர் கொண்ட குழுக்களில் அது 38 விழுக்காடு. கண்டுகொள்ளாமல் நடித்த இருவருடன் இருந்தவர்களில் 10 விழுக்காடு மட்டுமே.

புகைக்கே அப்படி என்றால், ஆறிப்போன உணவுக்கு?

பைசே!

இன்னொரு காரணம் கூச்சம். கடையைத் தேர்ந்தெடுத்ததே நண்பர் என்றால், குறை சொல்வது அவரையே குறை சொல்வதுபோல் தோன்றும். அவர் காசில் சாப்பிட்டால் சொல்லவே வேண்டாம்.

துணை இருந்தால் துணிச்சலும் வரும்

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், பெரும்பான்மையினர் தவறாகச் சொன்னபோது பலரும் அதற்கு ஒத்துப்போனார்கள். ஆனால் சரியாகச் சொல்ல ஒருவர் கூட இருந்தபோது, ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று ஒருவர் சொன்னாலே போதும்!

ஆனால் ஆறு பேரும் சேர்ந்து சத்தம் போட்டால்? எதிரே நிற்கும் ஊழியர் ஒருவர்தான். தவறு சமையலறையில் நடந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்?

- ஒருவர் மட்டும் பேசுங்கள். மற்றவர்கள் ஆமோதித்தால் போதும்.
- என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: சூடாக்கித் தருவதா, மாற்றித் தருவதா?
- ரசீதை வைத்திருங்கள்.
- சுத்தம் பற்றிய புகார் என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் சொல்லலாம்.
- பெரிய தொகை சம்பந்தப்பட்ட பிரச்சினைக்குச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. 2 ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும்.

பேசாமல் எழுந்து வந்து, மறுபடி அந்தப் பக்கமே போகாமல் இருப்பது எளிது. ஆனால் எங்கே தவறினோம் என்று அந்தச் சிறிய கடைக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்த மேசைக்கும் ஆறிய உணவுதான் போகும்.